வேலைநிறுத்தம் செய்தவர் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆளா?

கேள்வி: 2021 டிசம்பரில் அமெரிக்காவின் கெல்லாக்ஸ் (காலை உணவுத் தானிய நிறுவனம்) ஆலைகளில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,400 பேர் இடத்தில் நிரந்தரமாகவே புது ஆள் எடுப்போம் என்று நிறுவனம் அறிவித்ததே, சட்டம் இதை எப்படி விடுகிறது?

பதில்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1938 மெக்கே ரேடியோ தீர்ப்புதான் சார் காரணம். சம்பளம், சலுகை கேட்டு நடக்கும் வேலைநிறுத்தம் என்றால் நிரந்தரமாக ஆள் எடுக்கலாம், நிர்வாகத்தின் சட்டமீறலை எதிர்த்து நடந்தால் கூடாது.

பதில்: பெயருக்கு அது பணிநீக்கம் இல்லை, இடம் காலியானால் வேலைநிறுத்தம் செய்தவரைக் கூப்பிட வேண்டும், சரி, அதுவரை வாடகையை யார் கட்டுவது? பெரிய அநியாயம். இந்தியாவில் 1947 தொழில் தகராறுகள் சட்டம், சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தத்தின்போது ஆள் எடுப்பதையே நியாயமற்ற நடைமுறை என்றது.

பதில்: கெல்லாக்ஸில் சண்டையே பழையவருக்கு ஒரு சம்பளம், புதியவருக்குக் குறைந்த சம்பளம் என்பதில்தான். அப்போதைய அதிபர் பைடனும் நிறுவனத்தின் அறிவிப்பைக் கண்டித்தார், அப்புறம் அந்த மாதமே ஒப்பந்தம் நிறைவேறியது.