முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் இன்ஸ்டன்ஸ்களின் இடத்தைப் பைத்தான் ஸ்கிரிப்ட் மூலம் எடுப்பது எப்படி?

கேள்வி

நிலப்பரப்பு ஒன்றின் மீது ஜியோமெட்ரி நோட்ஸ் (நோடுகளை இணைத்து வடிவங்களை உருவாக்கும் வசதி) கொண்டு 12,000 கற்களைப் பரப்பியிருக்கிறேன். மூலக் கற்கள் மூன்றுதான். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4,000 முனைப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு கல்லின் இடம், சுழற்சி, அளவு ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி, விளையாட்டு எஞ்சின் ஒன்றுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆனால் பிபிஒய்.டேட்டா.ஆப்ஜெக்ட்ஸ் பட்டியலில் மூன்று மூலக் கற்களும் நிலமும் கேமராவும் விளக்கும் மட்டுமே இருக்கின்றன. ‘மேக் இன்ஸ்டன்சஸ் ரியல்’ கட்டளையை இயக்கியபோது கற்கள் தனித்தனியாகக் கிடைத்தன என்றாலும், அதன் பிறகு வியூபோர்ட் (காட்சியைக் காட்டும் சாளரம்) நகரவே மறுக்கிறது. அடர்த்தியை மாற்றினால் அத்தனையையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

மறுமொழி 1

நீங்கள் தேடும் இடத்தில் அவை இல்லை. இன்ஸ்டன்ஸ் என்பது ஆப்ஜெக்ட் அன்று. ‘இந்த மெஷ்ஷை (முனைப்புள்ளிகளால் ஆன வடிவத்தை) இந்த மேட்ரிக்ஸின்படி (இடம், சுழற்சி, அளவு அடங்கிய எண் அட்டவணை) இன்னொரு முறை காட்டு’ என்னும் குறிப்பு மட்டுமே. நோட்ஸ் கணக்கிடப்படும்போது அந்தக் குறிப்புகள் உருவாகின்றன. அவை இருப்பது, காட்சியின் கணக்கிடப்பட்ட நிலையை வைத்திருக்கும் டெப்ஸ்கிராஃபில். ஆகவே பிபிஒய்.கான்டெக்ஸ்ட்.இவாலுவேட்டட்_டெப்ஸ்கிராஃப்_கெட் மூலம் டெப்ஸ்கிராஃபைப் பெற்று, அதன் ஆப்ஜெக்ட்_இன்ஸ்டன்சஸ் மீது லூப் ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மேட்ரிக்ஸ்_வேர்ல்டு கிடைக்கும்.

‘மேக் இன்ஸ்டன்சஸ் ரியல்’ மெஷ்ஷை 12,000 முறை நகலெடுத்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உங்களுடையதைப் போன்ற காட்சியில் அப்படி நடப்பதில்லை. புதிய ஆப்ஜெக்ட்கள் அதே மூன்று மெஷ்களைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. வேகத்தைக் கெடுப்பது 12,000 ஆப்ஜெக்ட்களைத் தனித்தனியே பராமரிக்கும் சுமை. உண்மையிலேயே மெஷ்ஷைப் பெருக்குவது ‘ரியலைஸ் இன்ஸ்டன்சஸ்’ நோடுதான். உங்கள் எண்களின்படி அது 4 கோடியே 80 லட்சம் முனைப்புள்ளிகளை உண்டாக்கும். புள்ளிக்கு 12 பைட் என்று கொண்டால் இடத்தகவலுக்கு மட்டும் ஏறத்தாழ 576 மெகாபைட் வேண்டும். 12,000 மேட்ரிக்ஸ்களோ, ஒன்றுக்கு 64 பைட் வீதம், ஒரு மெகாபைட்டைக்கூட எட்டுவதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டேன். லூப்பில் எண்ணிப் பார்த்தால் 12,000-க்குப் பதிலாக 12,006 வருகிறது. மேலும், லூப்பில் கிடைத்தவற்றை ஒரு பட்டியலில் சேர்த்துவைத்துவிட்டுக் கோப்பில் எழுதும்போது படித்தால், இடங்கள் பொருளற்றவையாக இருக்கின்றன. ஒருமுறை பிளெண்டரே மூடிக்கொண்டது.

மறுமொழி 2

கூடுதலாக வரும் ஆறும் நீங்கள் முதலில் பட்டியலிட்ட அதே ஆறு ஆப்ஜெக்ட்கள்தாம். ஆப்ஜெக்ட்_இன்ஸ்டன்சஸ் என்று பெயர் இருந்தாலும், காட்சியில் தெரியும் சாதாரண ஆப்ஜெக்ட்களும் அதில் வரும். ஈஸ்_இன்ஸ்டன்ஸ் உண்மையாக உள்ளவற்றை மட்டும் எடுங்கள். மூன்று மூலக் கற்களில் எது என்பதை அறிய, இன்ஸ்டன்ஸின் ஆப்ஜெக்ட் என்னும் பண்பிலிருந்து ஒரிஜினலுக்குப் போய் அதன் பெயரைப் படியுங்கள்.

இரண்டாவது சிக்கலில் நானும் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். லூப் உங்கள் கையில் தருவது நிலையான பொருள் அன்று, அந்தச் சுற்றுக்கு மட்டும் செல்லுபடியாகும் தற்காலிகப் பார்வை. அடுத்த சுற்றுக்குப் போனதும் அது சுட்டிய நினைவகத்துக்கு உத்தரவாதம் இல்லை. இதை ஒரு பட்டியலைப் போல் நடத்தாதீர்கள், உறுப்புகளைச் சேமித்துவைக்காதீர்கள் என்று பிளெண்டரின் கையேடே எச்சரிக்கிறது. எனவே லூப்பின் உள்ளேயே, அந்தச் சுற்றிலேயே, மேட்ரிக்ஸ்_வேர்ல்டு.காப்பி என்று நகலெடுத்து அந்த நகலையும் பெயரையும் மட்டும் சேமியுங்கள். காப்பி என்னும் அந்த ஒரு சொல் விடுபட்டதுதான் உங்கள் பிழை.

நகலின் மீது டீகம்போஸ் அழைத்தால் இடம், சுழற்சி, அளவு மூன்றும் பிரிந்து கிடைக்கும். சுழற்சி குவாட்டர்னியனாக, அதாவது நான்கு எண்களாக, வரும். பிளெண்டரில் அதன் வரிசை டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். பல எஞ்சின்கள் டபிள்யூவைக் கடைசியில் எதிர்பார்க்கின்றன. கற்கள் சரியான இடத்தில் நின்றுகொண்டு தாறுமாறாகச் சாய்ந்திருந்தால் முதலில் இதைப் பாருங்கள். பிளெண்டரில் இசட் அச்சுதான் மேல்நோக்கியது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

மறுமொழி 3

ஒரு சிறு சேர்க்கை. மேற்சொன்ன வழியில் கிடைப்பது வியூபோர்ட்டுக்கான டெப்ஸ்கிராஃப். நோட்ஸில் ‘ஈஸ் வியூபோர்ட்’ நோடை (கணக்கீடு வியூபோர்ட்டுக்கானதா என்று சொல்வது) வைத்து வேலை செய்யும்போது மட்டும் அடர்த்தியைக் குறைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், கோப்பிலும் அந்தக் குறைந்த எண்ணிக்கையே பதிவாகும். ஏற்றுமதிக்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

கற்கள் அசைவூட்டம் கொண்டவையாயின், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஃபிரேம்_செட் அழைத்த பிறகு டெப்ஸ்கிராஃபை மீண்டும் பெறுவது நல்லது. எந்தக் கல் எது என்று ஃபிரேம்களுக்கிடையே பொருத்துவதற்கு லூப்பின் வரிசை எண்ணை நம்பாமல், பேரன்ட்டின் (அந்த இன்ஸ்டன்ஸை உருவாக்கிய ஆப்ஜெக்ட்) பெயரோடு பெர்சிஸ்டன்ட்_ஐடி என்னும் எண்தொகுதியைச் சேர்த்துச் சாவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஈஸ்_இன்ஸ்டன்ஸ் சோதனையையும் காப்பியையும் சேர்த்தவுடன் சரியாக 12,000 வரிகள் வந்தன. கற்கள் எஞ்சினில் முதலில் சாய்ந்துதான் நின்றன. டபிள்யூவைக் கடைசிக்கு நகர்த்தியதும் நிமிர்ந்துவிட்டன.