கயல் படம் அனுப்ப இன்று கடைசி நாள்

குழு: கீரனூர் வீடு
செப்டம்பர் 30

மாலை 6:12
கயல்: எல்லோருக்கும் வணக்கம். விக்கிப்பீடியாவுக்காக நினைவுச் சின்னங்களைப் படமெடுத்து ஏற்றும் விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ் போட்டி இன்று இரவோடு முடிகிறது. நார்த்தாமலையில் மேலமலைச் சிவன் கோயிலில் எடுத்ததில் ஏழு படம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நாலைந்துதான் ஏற்றப்போகிறேன். எதை எடுக்க, எதை விட?

கயல்: (7 படங்கள்)

பெரியம்மா: அருமைடா தங்கம்

பாபு அண்ணன்: 🔥🔥

செந்தில் அத்தான்: சூப்பர்

சரோஜா அத்தை: ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறேன் கண்ணு. ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கிறது. அதை இங்கே போடவா, அந்தப் பக்கத்தில் போடவா?

கயல்: எந்த ஓட்டு அத்தை? இதில் ஓட்டே கிடையாது

மணி சித்தப்பா: அக்கா போடாதே

மணி சித்தப்பா: எங்கேயும் போடாதே. போனை எடு.

செந்தில் அத்தான்: அம்மா, மாமா கூப்பிடுகிறார், எடுங்கள்

பெரியப்பா: என்ன ஆயிற்று?

மாலை 6:21
சரோஜா அத்தை: பேசிவிட்டேன். கொடுக்கவில்லை. மாடி வீட்டு அம்மாவிடமிருந்து வந்தது. தங்கை மகள் போட்டியில் இருக்கிறாள், ஓட்டுப் போடுங்கள் என்று இருந்தது. நம் கயல் போட்டிதான் எப்படியோ சுற்றி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மணி சித்தப்பா: எல்லோரும் இதை முழுதாகப் படியுங்கள். தெரிந்தவர் பெயரிலேயே லிங்க் வரும். திறந்தால் நம் போன் எண்ணைக் கேட்கும். கொடுத்ததும் அவர்கள் அந்த எண்ணை வைத்து வேறு கருவியில் வாட்ஸ்அப்பைத் திறக்கப் பார்ப்பார்கள். அதற்கான ஆறு இலக்க எண் நமக்குத்தான் வரும். அதை ஓட்டு எண் என்று நம்பிக் கொடுத்தால் நம் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். அடுத்த பத்து நிமிடத்தில் சரோஜா அக்கா பெயரில் இந்தக் குழுவில், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பணம் அனுப்பு என்று செய்தி வரும். நாமும் அனுப்பிவிடுவோம். மாடி வீட்டு அம்மாவின் கணக்கும் இப்படித்தான் போயிருக்கும். செந்தில், நேரில் போய் அவரிடம் சொல்லிவிட்டு வா.

மணி சித்தப்பா: அமைப்புகளில் கணக்கு என்பதற்குள் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருக்கும். அதில் ஒரு பின் எண் போட்டு வையுங்கள். இணைத்த சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். இன்றே செய்யுங்கள்.

பெரியப்பா: பின் மறந்துபோனால்?

மணி சித்தப்பா: மின்னஞ்சல் கொடுத்து வையுங்கள் அண்ணே

பெரியப்பா: என் மின்னஞ்சல் பாபுவிடம் இருக்கிறது

பாபு அண்ணன்: என்னிடம் இல்லையே அப்பா. டைரியில் எழுதிக் கொடுத்தேன்

பெரியம்மா: எந்த டைரி?

கயல்: படம் 🙏

மணி சித்தப்பா: வருகிறேன்மா. சாப்பிட்டுவிட்டுப் பெரிய திரையில் பார்த்துச் சொல்கிறேன்.

மாலை 7:05
பெரியப்பா: கயல், ஒன்று கேட்கிறேன். அதில் படம் போட்டால் அது அவர்களுக்கே சொந்தமாகிவிடும், நாம் திரும்பக் கேட்க முடியாது என்று நடைப்பயிற்சியில் ஒருவர் சொன்னார். உண்மையா?

செந்தில் அத்தான்: நானும் கேள்விப்பட்டேன்

அம்மா: கயல் பதில் சொல்லு

மணி சித்தப்பா: நான் சொல்கிறேன் அண்ணே. சொந்தம் கயலுக்குத்தான். எடுத்தவள் என்ற காப்புரிமை அவளைவிட்டுப் போகாது. ஆனால் படத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவுக்குத் தருகிறாள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கிற புத்தகத்தில்கூடப் போடலாம். எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, அது மட்டும் உண்மை. அதனால்தான் விற்க நினைக்கிற படத்தை இதில் போடாதே என்று அவளிடம் முன்பே சொன்னேன்.

மணி சித்தப்பா: பயப்பட வேண்டிய போட்டிகள் வேறு. நுழைவுக் கட்டணம் கேட்பார்கள். விதிமுறையின் அடியில், வந்த படங்கள் எல்லாம் எங்களுக்கே, எதற்கும் பயன்படுத்துவோம், பெயர் போட மாட்டோம் என்று பொடி எழுத்தில் இருக்கும். செந்திலைக் கேளுங்கள்.

செந்தில் அத்தான்: 1500 ரூபாய். சான்றிதழ் வந்தது. ஆல்பத்தில் உங்கள் படம் வர இன்னும் 3000 என்றார்கள். கட்டவில்லை

சரோஜா அத்தை: என்னிடம் சொல்லவே இல்லையே இதை

செந்தில் அத்தான்: அம்மா அது போன வருடம்

பெரியப்பா: இதற்குக் கட்டணம்?

கயல்: இல்லை பெரியப்பா

மணி சித்தப்பா: 2010இல் நெதர்லாந்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பரவி 1,68,000க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. கின்னஸில்கூட ஏறியது. இங்கே ஓட்டு இல்லை, லைக் இல்லை. நாட்டுக்கு ஒரு நடுவர் குழு, அவர்கள் தேர்ந்தெடுக்கிற அதிகபட்சம் பத்துப் படங்கள் உலகச் சுற்றுக்குப் போகும். பரிசு வராவிட்டாலும், நம் ஊர்க் கோயிலைப் பற்றி யாராவது விக்கிப்பீடியாவில் படிக்கும்போது கயல் எடுத்த படம் அங்கே இருக்கும். எனக்கு அதுதான் பெரிது.

பெரியப்பா: சரி

மாலை 7:31
கயல்: சித்தப்பா, சாப்பிட்டீர்களா

மணி சித்தப்பா: பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் ஒன்று: இங்கே அனுப்பிய கோப்பை ஏற்றிவிடாதே. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், கேமரா விவரமும் போய்விடும். அசல் கோப்பைக் கேமராவிலிருந்தே எடு. எனக்கு டாக்குமென்டாக அனுப்பு.

மணி சித்தப்பா: 1ஐ விட்டுவிடு. கோயில் மேற்குப் பார்த்தது. நீ காலை எட்டு மணிக்கு முகப்பை எடுத்திருக்கிறாய். வெயில் கோயிலுக்குப் பின்னாலிருந்து அடிக்கிறது, முகப்பு முழுக்க இருட்டு, வானம் வெளுத்துப்போய்விட்டது. மென்பொருளில் வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்தேன், கல்லில் புள்ளி புள்ளியாக வருகிறது.

பாபு அண்ணன்: 1 தான் எனக்குப் பிடித்தது

மணி சித்தப்பா: உனக்கு வானம் பிடித்திருக்கிறது. கோயில் எங்கே இருக்கிறது?

மணி சித்தப்பா: 2, 3 இரண்டும் சாயங்காலம் எடுத்தவை. 3 முதல் தரம். வாயிற்காவலர் மேல் வெயில் பக்கவாட்டில் விழுந்து, உளி போன இடம்கூடத் தெரிகிறது. இதைக் கட்டாயம் ஏற்று. 2இல் கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறாய், விமானம் பின்னால் சாய்கிறது. கொஞ்சம் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தினால் ஓரம் வெட்டுப்பட்டு, பக்கத்துச் சிறு கோயில் போய்விடும். சுற்றுச் சிறு கோயில்களில் இன்று ஆறுதான் இருக்கின்றன, அதில் ஒன்றை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. நீயே முடிவு செய்.

கயல்: வெட்ட மாட்டேன்

மணி சித்தப்பா: 4 எதிரே இருக்கிற சமணர் குடகு. அது கிழக்குப் பார்த்த குடைவரை, அதற்குக் காலை வெயில்தான் சரி, சரியாகப் பிடித்திருக்கிறாய். 12 திருமால் சிற்பங்களில் ஏழு தெளிவாக வந்திருக்கின்றன. இருட்டில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், ஏற்றியதால் கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி தெரிகிறது, பரவாயில்லை. அதைத் தேய்த்து மழமழவென்று ஆக்காதே. முகமெல்லாம் மெழுகுபோல ஆகிவிடும்.

கயல்: கேமராவுக்கு முக்காலி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்

மணி சித்தப்பா: தொல்லியல் துறை இடத்தில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். சுவரில் முழங்கையை ஊன்றினாயா? கை ஆடவே இல்லை.

கயல்: தூணில்

செந்தில் அத்தான்: என் 50 எம்எம் லென்ஸ் இருந்திருந்தால் ஐஎஸ்ஓ இவ்வளவு ஏற்ற வேண்டியதே இல்லை

செந்தில் அத்தான்: அது அபுதாபியில் இருக்கிறது

பாபு அண்ணன்: டிசம்பரில் கொண்டுவருகிறேன் மச்சான்

செந்தில் அத்தான்: எந்த டிசம்பர் மச்சான்

சரோஜா அத்தை: விடுங்கள்டா. நல்ல நாள் அதுவுமாக

மணி சித்தப்பா: பாபு, சிலிகா ஜெல் பை போட்டு மூடி வை. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் பிறகு யாருக்கும் ஆகாது.

பாபு அண்ணன்: சரி சித்தப்பா

பெரியம்மா: 5இல் ஓரத்தில் சேலை தெரிகிறதே, அது நானா?

கயல்: ஆமாம் பெரியம்மா. படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். ஆள் இருப்பதால்தான் கோயில் எவ்வளவு உயரம் என்று தெரிகிறது

பெரியம்மா: வேண்டாம்மா. தலை கலைந்திருக்கிறது

பாபு அண்ணன்: அம்மா நன்றாகத்தான் இருக்கிறது

பெரியம்மா: செந்தில் கல்யாண ஆல்பத்தில் 400 படம் இருந்தது. அதில் ஒன்றில்கூட நான் இல்லை. இதில் மட்டும் தலை கலைந்து வர வேண்டுமா?

சரோஜா அத்தை: அண்ணி அது போட்டோகாரர் செய்தது. நாங்கள் என்ன செய்வோம்

பெரியம்மா: நான் யாரையும் சொல்லவில்லை

அம்மா: கயல், அந்தப் படத்தை இப்போது விடு

மணி சித்தப்பா: அண்ணி சம்மதம் சொல்லாமல் ஏற்றாதே கயல். ஏற்றிவிட்டால் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஒருவர் முகத்தை அவரைக் கேட்காமல் ஊருக்குக் கொடுக்கக் கூடாது. அண்ணி, நீங்கள் நிதானமாகப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா: பெரிதாக்கி அனுப்பு பார்க்கிறேன்

மாலை 8:10
அம்மா: அப்பத்தா பேசுகிறார்கள்

அம்மா: (குரல் பதிவு 0:52)

பாபு அண்ணன்: காது கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தம்

அம்மா: தாத்தாவும் இதே இடத்தில் ஒரு படம் எடுத்தார், அது ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது, அதையும் போட்டிக்கு அனுப்பு என்கிறார்கள்

மணி சித்தப்பா: அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தது. 120 பிலிம், சதுரப் படம், ஒரு ரோலுக்கு 12 தான். தாத்தா வெயில் நகரும்வரை பாறையில் உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்தில் குடை பிடிப்பேன். ஒரு நாள் முழுக்க மூன்று படத்துக்கு மேல் எடுத்து நான் பார்த்ததில்லை.

செந்தில் அத்தான்: அந்தக் கேமரா யாரிடம் இருக்கிறது மாமா?

அம்மா: அந்தப் பேச்சை எடுத்தால் இன்று படம் போகாது

பெரியப்பா: என்னிடம்தான் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. யார் வந்து கேட்டார்கள்?

மணி சித்தப்பா: கேட்டேன் அண்ணே

பெரியப்பா: எப்போது

அம்மா: கயல், தாத்தா படம் போட்டிக்கு ஆகுமா ஆகாதா?

கயல்: ஆகாது அம்மா. ஏற்றுபவரே எடுத்த படமாக இருக்க வேண்டும். பழைய நாளில் எடுத்ததாக இருக்கலாம், ஆனால் நானே எடுத்திருக்க வேண்டும்

மணி சித்தப்பா: போட்டிக்கு ஆகாது. ஆனால் வாரிசுகள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் அந்தப் படத்தைத் தனியாக, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் தாத்தா பெயரிலேயே சேர்க்க வழி இருக்கிறது. எல்லோரும் என்றால் நாம் நால்வரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

சரோஜா அத்தை: எனக்குச் சம்மதம்

பெரியப்பா: பார்க்கலாம்

மாலை 8:47
கயல்: சித்தப்பா 6, 7?

மணி சித்தப்பா: 6இல் கீழே தண்ணீர் பாட்டில் கிடக்கிறது. அதை அழித்து எடுக்காதே. இது ஆவணப் படம். அடுத்த முறை எடுப்பதற்கு முன்னால் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள். 7 கல்வெட்டு. கோணலாக இருக்கிறது, ஆனால் எழுத்து படிக்க வருகிறது. மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று சொல்கிற கல்வெட்டு. அழகுக்குப் பரிசு கிடைக்காது. ஆனாலும் ஏற்று. ஆராய்கிறவர்களுக்கு உன் 3ஐவிட இதுதான் பயன்படும்.

மணி சித்தப்பா: பாபு, செந்தில், உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பெண் எதை எடுக்க, எதை விட என்று கேட்டாள். நெருப்புப் படமும் சூப்பரும் போட்டால் அவள் கையில் என்ன இருக்கும்? நீங்கள் இரண்டு பேரும் நன்றாக எடுக்கிறவர்கள். ஒரு படத்தில் எது சரியில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். செந்தில் கிருஷ்ண ஜெயந்திக்கு எடுத்த படத்தில் அடிவானம் கோணல் என்று கயல்தான் சொன்னாள். அதை நிமிர்த்திய பிறகுதான் அது நாளிதழில் வந்தது.

செந்தில் அத்தான்: உண்மைதான் மாமா

செந்தில் அத்தான்: கயல், 2இல் வலது ஓரம் மின்கம்பி ஒன்று நுழைகிறது. அந்தக் கம்பி வரைக்கும் மட்டும் வெட்டினால் சிறு கோயிலுக்கு ஒன்றும் ஆகாது. பார்

கயல்: ஆமாம்! நான் கவனிக்கவே இல்லை அத்தான்

பாபு அண்ணன்: 4 கொஞ்சம் மஞ்சளடிக்கிறது. நிறச் சாயலைச் சரிசெய்யும் வெண் சமநிலையைக் கல்லைத் தொட்டு வை. 1 இன்னும் எனக்குப் பிடித்திருக்கிறது

மணி சித்தப்பா: இது போதும். இதைத்தான் கேட்டேன்.

கயல்: கோப்புப் பெயர் என்ன வைக்க?

மணி சித்தப்பா: கேமரா வைத்த பெயரில் டிஎஸ்சி 0412 என்று விடாதே. கோயில் பெயர், ஊர், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது. விளக்கத்தைத் தமிழிலும் எழுது. நினைவுச் சின்னத்தின் அடையாள எண் போட்டிக்கான பட்டியலில் இருக்கும், அதை விட்டுவிடாதே. கணக்கில் மின்னஞ்சல் செயல்படுகிறதா என்று பார். வென்றால் அதில்தான் கூப்பிடுவார்கள்.

பெரியப்பா: பெயர் என்று எதைப் போடுவாள்? தாத்தா இனிஷியல் வருமா?

கயல்: பயனர் பெயர் கயல் கீரனூர் என்று வைத்திருக்கிறேன் பெரியப்பா

பெரியப்பா: ஊர் இருக்கிறது. நல்லது. இனிஷியலும் இருந்திருக்கலாம்

இரவு 9:34
கயல்: 3, 4, 7 ஏறிவிட்டன

சரோஜா அத்தை: ஓட்டு எங்கே போட?

கயல்: ஓட்டு இல்லை அத்தை 😊

சரோஜா அத்தை: சரி சரி

இரவு 9:58
கயல்: 2ம் ஏறிவிட்டது, கம்பியை வெட்டிவிட்டு. பெரியம்மா, 5?

பெரியம்மா: பெரியப்பாவிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்கிறார். காலையில் சொல்கிறேன்

கயல்: பெரியம்மா காலையில் போட்டி முடிந்துவிடும்

மணி சித்தப்பா: போட்டி முடிந்தாலும் காமன்ஸ் மூடாது. அண்ணி நிதானமாகச் சொல்லட்டும்.

மணி சித்தப்பா: கொடும்பாளூர் மூவர் கோயிலும் மேற்குப் பார்த்ததுதான். மூன்றில் இரண்டு நிற்கின்றன. ஞாயிறு நாலு மணிக்கு அங்கே இருந்தால் ஆறு வரை நல்ல வெயில் கிடைக்கும். யார் வருகிறீர்கள்?

செந்தில் அத்தான்: வருகிறேன்

கயல்: நான்

சரோஜா அத்தை: ஞாயிறு தேவி வளைகாப்புக்குச் சேலை எடுக்கப் போக வேண்டும் என்று சொன்னேனே செந்தில்

செந்தில் அத்தான்: காலையில் போய்விடலாம் அம்மா

சரோஜா அத்தை: காலையில் முடிந்த சேலைக்கடை உண்டா

பெரியப்பா: நானும் வந்தாலும் வருவேன். காரில் எத்தனை பேர்?

மணி சித்தப்பா: வாருங்கள் அண்ணே. கேமராவையும் எடுத்து வாருங்கள், 120 பிலிம் கிடைக்கிறது, நான் வாங்கித் தருகிறேன்.

பெரியப்பா: ஷட்டர் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கிறேன்

அம்மா: புளியோதரை நான் கட்டித் தருகிறேன். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்