கச்சான் ஓய்ந்ததும் போனும் ஓய்ந்துவிட்டது

நான்: நம் குடும்பக் குழுவில் எல்லாரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடித்த நாலு மாதத்தில், ஏசி வேலைக்குச் சில நாள் நாலு வீடுகூட ஓடினேன், சாப்பிடக்கூட நேரமில்லை. இப்போது மழை தொடங்கி இரண்டு கிழமை, போன் அடிக்கவே இல்லை. நேற்று வந்த ஒரே அழைப்பும் ஏசி சர்வீஸ் எவ்வளவு என்று கேட்டு, 4,000 என்றதும் வைத்துவிட்டார்கள். 2,500க்கு இறக்கி ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் போடலாமா?

மச்சான்: போடு. காசு கட்டி பூஸ்ட் பண்ணினால் பத்துப் பேராவது கூப்பிடுவார்கள்.

அத்தான்: விலையை இறக்காதே தம்பி. 2,500க்கு வருகிற ஆள் அடுத்த முறை 2,000 சொல்கிற ஆளிடம் போவார். முதலில் சொல், இதுவரை எத்தனை வீடு செய்தாய், அவர்களுடைய நம்பரெல்லாம் எங்கே?

நான்: நூற்றுக்கு மேல் இருக்கும் அத்தான். நம்பர் கோல் லிஸ்டில் கிடக்கிறது, பாதிக்குப் பெயர் போடவில்லை.

அத்தான்: அந்த நூறு வீடும்தான் உன் கடை. விளம்பரத்துக்குக் காசு கொடுக்க முதல் இன்றைக்கு இரவே ஒரு சி.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைக் கொப்பி, எடு, ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், ஒழுங்கை, மெஷினின் குளிரூட்டும் அளவு 9,000 பிடியூவா 12,000மா, கேஸ் வகை ஆர்-32ஆ ஆர்-410ஏயா, என்ன செய்தாய், எவ்வளவு வாங்கினாய், என்ன தேதி, எல்லாம் எழுது. கட்டாரில் நான் வேலை செய்த இடத்தில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு அட்டை தொங்கும், கடைசியாக யார் திறந்தார், எதை மாற்றினார் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஊருக்கு வந்து அதையே நான் கொப்பியில் செய்தேன். இரண்டாவது தடவை போகும்போது "போன முறை தண்ணீர் வடிகிற உங்கள் டிரெயின் குழாயில் பாசி அடைத்திருந்தது, இப்போது தண்ணீர் சொட்டுகிறதா" என்று கேட்டுப் பார், அந்த வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேட மாட்டார்.

அத்தான்: இன்னொன்று. கல்லடி, டச்பார், நாவலடி என்று மட்டக்களப்புக் கடற்கரைப் பக்கம் செய்த வீடுகளைத் தனியாகக் குறி. கடற்கரை வீடுகளில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடு உப்புக் காற்றில் வெள்ளை பூத்து, விரல் பட்டால் உதிரும். மழைக்காலம் என்று அவர்களை விட முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிணறு உவர் என்றால் அதை ஊற்றிவிடாதே, குழாய்த் தண்ணீரால் கழுவு.

நான்: இதை யோசிக்கவே இல்லை அத்தான். கடற்கரைப் பக்கம் இருபது வீடாவது இருக்கும்.

அக்கா: ஒரு வீட்டு கேஸ் விஷயத்தை என்னிடம் சொன்னாயே, அதையும் இங்கே எழுது. எனக்கு அதுதான் உன் தொழிலில் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான்: சரி அக்கா. கல்லடியில் ஒரு ரீச்சர் வீடு. போனதும் "கேஸ் நிரப்புங்கள் தம்பி, ஆறு மாதத்துக்கு ஒருக்கா முடிந்துவிடும்" என்றார். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. வெளி யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டில் சவர்க்கார நுரை பூசினேன், பொத்துப் பொத்தென்று குமிழி வந்தது. ரீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாய் வாயை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டி, குழாய்க்குள் இருந்த காற்றை வெக்கியூம் பம்பால் இழுத்து, மெஷின் பிளேட்டில் போட்டிருக்கிற நிறையைத் தராசில் பார்த்து கேஸ் போட்டேன். அன்றைக்கு அரை நாள் போய்விட்டது. ஆனால் அந்த ஒழுங்கையில் மறுகா மூன்று வீடு அவர் சொல்லித்தான் வந்தது.

மாமி: குமிழி வந்ததைக் கூப்பிட்டுக் காட்டினாய் பார் மனே, அதுதான் சரி. எங்கள் வீட்டுக்கு முந்தி ஒருவர் வந்தார். என்ன செய்தார் என்றே தெரியாது, 9,500 வாங்கிக்கொண்டு போனார், கட்டிலெல்லாம் கறுப்புத் தண்ணீர். இன்றைக்கும் அந்த மெத்தையில் கறை இருக்கிறது. எனக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் விளங்காது, ஆனால் வந்த ஆள் கட்டிலை மூடினாரா, செருப்பை வெளியே கழற்றினாரா, போகும்போது கூட்டினாரா என்று விளங்கும். பொம்பிளைகள் அதைத்தான் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் பத்துக்கு வா, சுணங்குமென்றால் முன்னமே ஒரு கோல் எடு. வீட்டில் நான் தனியாக இருக்கிற நேரம் திடீரென்று வந்து கேற்றைத் தட்டினால் திறக்க மாட்டேன்.

நான்: பிளாஸ்ரிக் விரிப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன் மாமி. காத்தான்குடிப் பக்கம் போகும்போது வாசலில் நின்று கோல் எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே போவேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் அங்கே வேலை எடுப்பதில்லை.

மாமி: நல்லது மனே.

மச்சான்: வேலை முடிந்த வீட்டுப் படத்தை ஸ்டேட்டஸில் போடலாமே?

அக்கா: வீட்டுப் படம் வேண்டாம். அடுத்தவர் அறையை ஊருக்குக் காட்டக்கூடாது. கழுவ முதல் ஃபில்டர், கழுவின பிறகு ஃபில்டர், அது மட்டும் போதும், அதுவும் கேட்டுவிட்டுப் போடு.

அக்கா: காசு விஷயத்தையும் இங்கேயே கதைப்போம். வீட்டில் இருந்து சட்டை தைக்கத் தொடங்கின புதிதில் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாரும் பிறகு தருகிறேன் என்று கொண்டுபோனார்கள். கேட்க வெட்கம். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் தையல் மெஷின் ஒன்று வாங்குகிற காசு வெளியே நின்றது, அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். நீ சாமானுக்குக் காசை முன்னமே வாங்கு, கூலியை முடிந்ததும் வாங்கு. கப்பாசிட்டர் மாற்றினால் பழையதை அவர்கள் கையில் கொடு. எவ்வளவு வரும் என்று மெஷினைத் திறந்து பார்த்ததுமே சொல், கழற்றிப் போட்ட பிறகு சொல்லாதே. இந்தக் குழுவில் இருக்கிற நாங்களும் காசு தந்துதான் வேலை செய்விக்க வேண்டும், அதை நான் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

மாமி: நான் தருவேன்.

நான்: களுவாஞ்சிகுடியில் ஒரு வீடு, செங்கலடியில் ஒரு வீடு என்று ஒரே நாளில் ஓடுவதில் பெட்ரோலுக்கே போய்விடுகிறது அக்கா.

அத்தான்: கிழமையில் ஒரு நாள் தெற்கு, ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை. ஒரு நாள் ஏறாவூர், செங்கலடி. மட்டக்களப்பு ரவுணுக்குள் வேலை மற்ற நாட்களில். கூப்பிடுகிறவரிடம் "வியாழக்கிழமை உங்கள் பக்கம் வருகிறேன்" என்று சொல், அவசரம் இல்லாதவர் பொறுப்பார். அவசரம் என்றால் தூரத்துக்கு ஒரு தொகை சேர்த்துச் சொல்.

சித்தப்பா: இப்போதுதான் வேலை முடிந்து வாசித்தேன். மழைக்காலத்தில் வீடுகள் ஏசியை நிற்பாட்டும், ஆனால் பார்மசி, லாப், வங்கி, கணினி அறை இதெல்லாம் வருடம் முழுக்க ஓடும். அங்கே போ. ஆனால் அலுவலகங்களில் வாய்ப்பேச்சுக்கு வேலை தர மாட்டார்கள், லெட்டர்ஹெட்டில் கொட்டேசன் கேட்பார்கள், காசோலையை வியாபாரப் பெயருக்குத்தான் எழுதுவார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதி, அந்தப் பெயரில் ஒரு கணக்குத் திற. என்விகியூ என்கிற தொழில் தகைமைச் சான்றிதழ் இல்லை என்று கவலைப்படாதே. செய்த வேலையைப் பரீட்சித்துப் பார்த்தே தருகிற முறை இருக்கிறது, முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள், தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவின் அலுவலகத்தில் கேள். நீ கொப்பியில் எழுதுகிற வேலைப் பதிவை அங்கேயும் கொண்டுபோய்க் காட்டு.

நான்: சித்தப்பா, பிழை ஏதும் நடந்தால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் பெரிய இடங்களுக்குப் போகாமல் இருக்கிறேன்.

அத்தான்: அதை நான் சொல்கிறேன். ஊருக்கு வந்த முதல் வருடம் ஒரு மாடி வீட்டில் டிரெயின் குழாய் மூட்டைப் பசை போட்டு ஒட்ட மறந்துவிட்டேன். இரவோடு இரவாகக் கீழ் அறை சீலிங் ஊறிப்போனது. காலையில் கூப்பிட்டார்கள், உடனே போனேன், பிழை என்னுடையது என்று சொன்னேன், சீலிங் தகடு இரண்டும் பெயின்ரும் என் காசு. இரண்டு கிழமை உழைப்பு அதில் போனது. அந்த வீட்டு ஐயா இன்றைக்கு வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார், மகளுக்குக் கட்டின வீட்டு வேலையையும் எனக்கே தந்தார். நீ வேலை முடிந்ததும் ஒரு போத்தல் தண்ணீரை உள் தட்டில் ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். மூன்றாம் நாள் ஒரு கோல் எடுத்து, சொட்டுகிறதா, சத்தம் வருகிறதா என்று கேள். இரண்டு நிமிட வேலை.

நான்: அந்தக் கோலை ஒரு வீட்டுக்கும் எடுத்ததில்லை அத்தான்.

அத்தான்: இனி எடு. இப்போது இடி மின்னல் காலம், நாளைக்கே நூறு பேருக்கும் ஒரு சின்னச் செய்தி போடு: மின்னல் நேரம் ஏசி சுவிட்சை நிற்பாட்டி வையுங்கள், உள்ளே இருக்கிற மின் போர்ட் எரிந்தால் செலவு பெரிது என்று. விலை, ஓஃபர் ஒன்றும் எழுதாதே. கீழே உன் பெயர் மட்டும்.

நான்: சரி. கொப்பி இருக்கிறது, கோல் லிஸ்ட் முழுக்க இன்றைக்கே எழுதுகிறேன். சித்தப்பா, லெட்டர்ஹெட்டுக்கு மாதிரி ஒன்று இருந்தால் அனுப்புங்கள்.

மாமி: மனே, எங்கள் அறை மெஷினிலும் தண்ணீர் சொட்டுகிறது. எப்போது வருவாய்?

நான்: நாளைக் காலை ஒன்பது மணிக்கு மாமி. எட்டரைக்குக் கோல் எடுக்கிறேன்.