போதையை விடணும்னு என்ஏ மீட்டிங் தேடிப் போனவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வடசென்னைக்காரன்

மாத்திரை, கஞ்சான்னு மாட்டிக்கிட்டு இப்ப நிறுத்தணும்னு தவிக்கிற பசங்க நிறைய பேர் மீட்டிங் வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிடுறாங்க, உள்ள என்ன நடக்கும்னு தெரியாத பயம்தான் காரணம், அதனால முதல்ல நானே சொல்றேன், மத்தவங்களும் சொல்லுங்க.

எனக்கு வலி மாத்திரைதான் பிரச்சனை. ஆஸ்பத்திரில டீடாக்ஸ் (உடம்புல இருந்து போதையை இறக்குற சிகிச்சை) முடிச்சு கிளம்பும்போது கவுன்சிலர் மேடம் "மருந்து உடம்புக்குத்தான், இனிமே தினமும் உன்னை மாதிரி ஆளுங்களோட போய் உக்காரு"ன்னு சொல்லி அனுப்பினாங்க. என்ஏன்னா நார்காட்டிக்ஸ் அனானிமஸ், போதையை விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடிப் பேசுற குழு, 1953ல கலிஃபோர்னியால ஆரம்பிச்சது, குடியை விடுறவங்களுக்கு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இருக்குற மாதிரி இது போதைக்கு. என்ஏ இந்தியா சைட்ல ஊர் போட்டா மீட்டிங் லிஸ்ட் வரும், ஆனா லிஸ்டைப் பாத்துட்டு அப்படியே கிளம்பாதீங்க, நேரம் இடமெல்லாம் மாறும், அங்கயே இருக்குற ஹெல்ப்லைனுக்கு ஒரு ஃபோன் போட்டுட்டுப் போங்க. நான் போட்டப்ப எடுத்தவரு ஆபீசர் மாதிரி எல்லாம் பேசல, அவரும் ஒரு காலத்துல ஊசி போட்டவருதான், எடுத்ததும் "எந்த ஏரியா தம்பி, சாப்டியா"ன்னுதான் கேட்டாரு, எனக்கு பேச்சே வரல. சாயங்காலம் நானே கேட் கிட்ட நிக்கிறேன், நீலச் சட்டைன்னாரு. நின்னாரு. அவரு மட்டும் நிக்கலன்னா நான் சத்தியமா உள்ள போயிருக்க மாட்டேன்.

சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஹால், வட்டமா பிளாஸ்டிக் சேர், ஓரமா டீ பிஸ்கட். பேப்பர் கப்பைப் பிடிக்க முடியாம கை நடுங்குது, பக்கத்துல இருந்தவரு ஒண்ணுமே சொல்லாம கப்பை வாங்கி பாதி டீயை இன்னொரு கப்புல ஊத்திட்டு திருப்பிக் குடுத்தாரு, சிந்தாம குடிக்கட்டும்னு. அவருக்கும் ஒரு காலத்துல அப்படி நடுங்கியிருக்கும்ல.

அட்ரஸ், ஆதார், ஃபோட்டோ எதுவும் கேக்கல. என்ன போட்டேன், எவ்ளோ போட்டேன்னும் யாரும் விசாரிக்கல. நிறுத்தணும்னு ஆசை இருந்தா போதும், அவ்ளோதான் தகுதி. முதல்ல சில பக்கம் வாசிப்பாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா "என் பேரு இது, நான் ஒரு அடிக்ட்"னு ஆரம்பிச்சு பேசுவாங்க, நடுவுல யாரும் குறுக்க பேசக் கூடாது, அட்வைஸும் கிடையாது. பேச விருப்பம் இல்லன்னா கேட்டுட்டு இருக்கலாம். அன்னைக்கே போதைல வந்திருந்தாக்கூட வெளிய தள்ள மாட்டாங்க, உக்காந்து கேளு, முடிஞ்சப்புறம் பேசலாம்பாங்க, ஆனா சரக்கு எதையும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு வரக் கூடாது. கடைசில காசு போட ஒரு பை சுத்தி வரும், புதுசா வந்தவங்க போட வேணாம். கட்டணம்னு ஒண்ணு கிடையாது, வெளிய யார்கிட்டயும் நன்கொடையும் வாங்க மாட்டாங்க.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வெள்ளை கீ டேக் (சாவில மாட்டுற வில்லை) தருவாங்க. போதை எடுக்காம 30 நாள் இருந்தா ஆரஞ்சு, 60க்கு பச்சை, 90க்கு சிவப்புன்னு போகும். அன்னைக்கு பத்து வருஷத்துக்கு மேல க்ளீனா, அதாவது போதையே எடுக்காம இருக்குற ஒருத்தர் எந்திரிச்சு "இன்னைக்கு மத்தியானம் எனக்கு போடணும் போல இருந்துச்சு, அதான் வந்தேன்"னாரு. ஆசை சுத்தமா போனாத்தான் குணம்னு நான் நினைச்சிட்டு இருந்தேன், அவரு பேசினதைக் கேட்டப்புறம்தான் ஆசை வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கவே ஆரம்பிச்சேன்.

ஒரு மீட்டிங் பிடிக்கலன்னா அதோட விட்டுடாதீங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சிலது முழுக்க இங்கிலீஷ்ல போகும், தமிழ்ல எங்க நடக்குதுன்னு ஃபோன்லயே கேட்டுடுங்க.

தம்பிக்காக

என் தம்பிக்காக எழுதுறேன். முதல்ல அவனை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துல சேத்தோம், அடிச்சிருக்காங்க, உடம்புல தழும்போடதான் வந்தான். அப்புறம்தான் தெரிஞ்சுது இந்த மாதிரி மையங்களுக்கு மாநில மனநல ஆணையத்தோட லைசென்ஸ் வேணும்னு, சேக்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு அதைக் கேட்டு வாங்கிப் பாருங்க. அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும் வர மாட்டேன்னுட்டான். கதவு திறந்தே இருக்கும்டா, பிடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடுன்னு சொல்லித்தான் மீட்டிங்குக்கு கூட்டிட்டுப் போனேன். ஓப்பன் மீட்டிங்னா வீட்டு ஆளுங்களும் உக்காரலாம், க்ளோஸ்டுன்னா போதைப் பிரச்சனை இருக்குறவங்க மட்டும்தான், நாங்க போனது ஓப்பன். ஒரு பையன் அம்மா தாலிச்செயினை அடகு வச்சதைப் பத்திப் பேசினான், என் தம்பி தலையே நிமிரல, ஆனா எந்திரிச்சும் போகல. அடுத்த வாரம் அவனா கிளம்பிட்டான்.

வீட்ல இருக்குறவங்களுக்கு நார்-அனான்னு தனியா இருக்கு. எனக்கும் அது தேவைப்பட்டுச்சு, ராத்திரி அவன் மூச்சு வருதான்னு எந்திரிச்சு எந்திரிச்சு பாத்து என் உடம்பே போயிடுச்சு.

கோவைப் பொண்ணு

பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை. ரூம் முழுக்க ஆம்பளைங்களா இருப்பாங்கன்னு பயந்தேன், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஹெல்ப்லைன்ல ஒரு லேடிகிட்ட பேசணும்னு கேட்டேன், அன்னைக்கு நைட்டே ஒரு அக்கா கூப்பிட்டாங்க. ஆரம்பத்துல ஜூம்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு பெண்கள் மீட்டிங் மட்டும் கேட்டேன், தைரியம் வந்தப்புறம் அந்த அக்கா கூடவே நேர்ல போனேன். ஸ்பான்ஸரும் (நம்ம கூடவே இருந்து வழிகாட்டுற பழைய மெம்பர்) பொண்ணாதான் இருக்கணும்னு முதல்லயே சொன்னது அவங்கதான்.

மதுரை

நான் டாக்டர் சொல்லி ப்யூப்ரினார்ஃபின்னு போதைப் பழக்கத்தை நிறுத்தக் குடுக்குற மருந்தை எடுத்துக்கிட்டு இருந்தேன், மீட்டிங்ல ஒருத்தரு அதுவும் போதைதான்னு சொல்லிட்டாரு. மனசு உடைஞ்சிடுச்சு. அங்க இருந்த பெரியவரு ஒருத்தர் என்னைத் தனியா கூப்பிட்டு, மருந்து விஷயம் உனக்கும் டாக்டருக்கும் நடுவுல, இங்க யாரும் டாக்டர் கிடையாதுன்னாரு. யார் பேச்சைக் கேட்டும் அந்த மருந்தை நீங்களா நிறுத்திடாதீங்க. போதையை கொஞ்ச நாள் விட்டுட்டு மறுபடி பழைய அளவுக்கே போட்டா உடம்பு தாங்காது, உயிர் போயிடும், எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அப்படித்தான் போனான். குடி, தூக்க மாத்திரை பழக்கம் இருக்குறவங்களும் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், டாக்டர்கிட்ட போய்ட்டு மீட்டிங் வாங்க.

நெல்லைப் பக்கம்

எங்க ஊர்ல என்ஏ இல்லையே, ஏஏதான் இருக்கு, போலாமா?

வடசென்னைக்காரன்

தாராளமா போங்க அண்ணே, ஓப்பன் மீட்டிங் எந்த நாள்னு கேட்டுட்டுப் போங்க, அதுல யார் வேணா உக்காரலாம். கூடவே என்ஏ ஆன்லைன் மீட்டிங்கும் வச்சுக்கோங்க. சிகிச்சையும் வேணும்னா 14446, அரசாங்கத்தோட நம்பர், காசு கிடையாது. போய்ட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு இங்க எழுதுங்கண்ணே, பாத்துட்டே இருப்பேன்.