ஒரே ரத்தம்னு பைபிள் சொல்றது விசுவாசிகளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

நாஞ்சில் மகள் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், வேதம் தெரிஞ்சவங்க பொறுமையா பதில் சொல்லுங்க. போன வருஷம் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போச்சு. அப்பாவுக்கு ஓ குரூப்னுதான் இத்தன வருஷமும் நெனச்சிட்டு இருந்தோம், ஆனா கிராஸ்மேட்ச் பண்ணும்போது எந்த ஓ ரத்தமும் சேரல, அப்புறம்தான் அது பாம்பே குரூப்னு கண்டுபிடிச்சாங்க. 1952-ல பம்பாய்ல முதல்ல கண்டுபிடிச்சதால அந்தப் பேராம், நம்ம நாட்டுல 10,000 பேர்ல ஒருத்தருக்குத்தான் இருக்கும்னு சொன்னாங்க, அவங்களுக்கு அதே குரூப் ரத்தம் மட்டும்தான் ஏத்த முடியும்.

சித்தப்பா ரெண்டு பேரு, அத்தை, நான், என் தம்பி எல்லாரும் கைய நீட்டுனோம், ஒருத்தர் ரத்தமும் சேரல. கடைசில ஒரு வாட்ஸ்ஆப் குரூப் வழியா வேற மாவட்டத்துல இருந்து ஒரு பாய் ராத்திரி பஸ் ஏறி விடியக்காலைல வந்து சேந்தாரு. கட்டில்ல படுத்துக்கிட்டு அந்த ரப்பர் பந்த அமுக்கி அமுக்கி விடுறாரு, பை மெதுவா நெறையுது, நான் கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நிக்கேன். பஸ் காசு கூட வாங்கல. ஒரு ஜூஸ குடிச்சிட்டு "உங்க வாப்பாவுக்காக துஆ செய்றேன்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

இத எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துல சாட்சியா சொல்லும்போது "அந்த சகோதரன்"னு சொல்லிட்டேன். உடனே ஒரு பெரியவர், "கர்த்தர் அந்த ஆள பயன்படுத்துனாரு, சரிதான், ஆனா சகோதரன்னு சொல்லாத, ரட்சிக்கப்பட்டவங்கதான் நமக்கு சகோதரங்க, மத்தவங்க வெறும் சிருஷ்டி"ன்னு சொல்லிட்டாரு. அந்த 'வெறும்'ங்கிற வார்த்தை இன்னும் என்னால முழுங்க முடியல. எங்க அப்பா உடம்புல ஓடுறது அவரு ரத்தம். வேதம் நெசமாவே அப்படித்தான் சொல்லுதா?

பாளை வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, உங்க கேள்வியிலயே பதில் இருக்கு. அப்போஸ்தலர் 17:26 எடுத்துப் பாருங்க, "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி"ன்னு இருக்கு. இத பவுல் எங்க நின்னு சொல்றாருன்னுதான் கவனிக்கணும். சபைக்குள்ள இல்ல, அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்துல மார்ஸ் மேடைல, ஊரு முழுக்க விக்கிரகம் இருக்குதேன்னு மனசு கொதிச்சுப் போன அதே மனுஷன், அந்த ஜனங்களையே பாத்துச் சொல்றாரு. அதோட விடல, "உங்கள் புலவர்களிலும் சிலர்" சொன்னதுன்னு சொல்லி "நாம் அவருடைய சந்ததியார்"ங்கிற வரிய எடுத்து வைக்கிறாரு. அது அராத்துன்னு ஒரு கிரேக்கப் புலவர் பாட்டு, அந்தப் பாட்டுல அது சேயுஸ் சாமியப் பத்தின வரி! அந்த வரிய தள்ளி விடாம, ஆமா நாம எல்லாரும் அவரோட சந்ததிதான்னு அவங்களையும் சேத்து 'நாம்'னு பேசுறாரு. அவங்கள்ல ஒருத்தர் கூட இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல.

அப்புறம் யாக்கோபு 3:9, ஒரே நாக்கால தேவனத் துதிச்சுட்டு "தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரை" சபிக்கிறோமேன்னு வருத்தப்படுறாரு. விசுவாசிகளைன்னு இல்ல, மனுஷரைன்னு இருக்கு. தேவசாயல் இருக்குற ஒருத்தர வெறும்னு சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சபை ஊழியன் எழுதியது:

பிரதர் சொன்னத ஒத்துக்குறேன், ஆனா அந்தப் பெரியவர் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதையும் சொல்லிரணும். யோவான் 1:12-ல அவரை ஏத்துக்கிட்டவங்களுக்குத்தான் தேவனுடைய பிள்ளைகளாகும் அதிகாரம்னு இருக்கு, கலாத்தியர் 6:10-லயும் "விசுவாச குடும்பத்தார்"னு தனியா ஒரு பேச்சு வருது. ஆதாமுக்குள்ள ஒண்ணா இருக்கிறதும் கிறிஸ்துவுக்குள்ள ஒண்ணா இருக்கிறதும் ஒரே காரியம் இல்ல, ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டா சுவிசேஷம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம போயிரும். நான் இத மனசு வலிச்சுத்தான் சொல்றேன், என் சொந்த அண்ணன் இன்னும் விசுவாசத்துக்கு வரல.

ஆனா அதே கலாத்தியர் வசனம் "யாவருக்கும்" நன்மை செய்யச் சொல்லிட்டுத்தான் விசேஷமான்னு போகுது. லூக்கா 10-ல நியாயசாஸ்திரி, அதாவது யூத வேதச்சட்டம் படிச்ச ஒருத்தன், "எனக்குப் பிறன் (அயலான்) யார்"னு இயேசுகிட்ட கேட்டது கோடு எங்க போடலாம்னு தெரிஞ்சுக்கத்தான். இயேசு கோடு போட்டுக் குடுக்கல, வழியில அடிபட்டுக் கிடந்த ஒருத்தனுக்கு யூதங்க ஒதுக்கி வச்ச சமாரியன் ஒருத்தன் உதவுன கதையச் சொன்னாரு, அப்புறம் அடிபட்டுக் கிடக்குறவன் பக்கத்துல போய் நின்னு இவனுக்கு யாரு பிறனா இருந்தான்னு திருப்பிக் கேட்டாரு. அப்பவும் அந்த நியாயசாஸ்திரிக்கு சமாரியன்னு வாய்ல வரல பாருங்க, இரக்கம் செஞ்சவன்னு சுத்தி வளைச்சுத்தான் சொன்னான். சிஸ்டர், உங்க வீட்டுக் கதைல அடிபட்டுக் கிடந்தது உங்க அப்பா. நீங்க சகோதரன்னு சொன்னதுல தப்பே இல்ல.

மணப்பாடு அலை எழுதியது:

நான் கத்தோலிக்கப் பொண்ணு, இங்க பேசலாம்தானே? யாரு சகோதரன்னு வெளிய உள்ளவங்களப் பத்திப் பேசுறோம், நம்ம கோயிலுக்குள்ளயே நடந்தத மறந்துரக் கூடாது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துல 19-ம் நூற்றாண்டுல ஒரு கோயில் கட்டுனாங்க, பீடம் ஒண்ணு, ஆனா மக்கள் நிக்கிற இடம் கால்சட்டை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு, நடுவுல சுவரு. ரெண்டு சாதிக்காரங்களும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம ஒரே பூசை காணலாம், அதுக்குத்தான் அந்த அமைப்பு. 1910 வாக்குல அந்தச் சுவர இடிச்சாங்க, அதுக்காக ஹைகோர்ட் வரைக்கும் வழக்கு போச்சு. திருமுழுக்கு வாங்குனவங்கதான் எல்லாரும், ஒரே அப்பம் வாங்குனவங்கதான், அப்படி இருந்தும் சுவரு. இன்னைக்கும் சில ஊர் கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாருங்க, செத்த பிறகும் தனித்தனியாத்தான் படுத்திருக்காங்க, இத எழுதும்போது கை நடுங்குது.

எபேசியர் 2:14-ல பிரிவினையான நடுச்சுவரத் தகர்த்தார்னு வருதுல்ல, எருசலேம் ஆலயத்துலயும் நெசமாவே ஒரு தடுப்பு இருந்துச்சு, யூதர் அல்லாதவங்க தாண்டுனா சாவுதான்னு கிரேக்கத்துல கல்லுல வெட்டி வச்சிருந்தாங்க, அந்தக் கல்லு 1871-ல கிடைச்சுது, இப்போ இஸ்தான்புல் மியூசியத்துல இருக்கு. அந்த எல்லையத் தாண்டி ஒரு எபேசுக்காரர, துரோப்பீமுவ, கூட்டிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சுத்தான் பவுல அடிச்சுக் கொல்லப் பாத்தாங்க (அப்போஸ்தலர் 21). அந்த ஊருக்குப் போன கடிதத்துலதான் இந்த நடுச்சுவர் வசனம் இருக்கு, தாண்டுனதா பழி சுமந்தவரோட ஊர்க்காரங்க இத வாசிக்கும்போது எப்படி இருந்திருக்கும்!

எங்க புனித வெள்ளி வழிபாட்டுல 10 பெரிய மன்றாட்டு வரும், அதுல யூதருக்காக, கிறிஸ்துவ நம்பாதவங்களுக்காக, கடவுளே இல்லைங்கிறவங்களுக்காகன்னு தனித்தனியா வேண்டுவோம். வருஷத்துலயே துக்கமான நாள், பீடத்துல துணி கூட கிடையாது, அன்னைக்கும் யாரையும் வெளிய விடுறதில்ல. அக்கா, அந்த பாய்க்காகவும் அன்னைக்கு எத்தனையோ லட்சம் பேர் வேண்டியிருப்பாங்க.

நாஞ்சில் மகள் மறுபடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, அழுதுட்டேதான் வாசிச்சேன். ஊழியர் ஐயா சொன்ன ரெண்டும் வேறங்கிறது எனக்குப் புரியுது, உங்க அண்ணனுக்காக ஜெபிக்கேன். அப்பாட்ட எல்லாத்தையும் சத்தமா வாசிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு பாய்க்கு போன் போடச் சொன்னாரு. ஸ்பீக்கர்ல போட்டுக் குடுத்தேன். "தம்பி சாப்டியா"ன்னுதான் ஆரம்பிச்சாரு.

இன்னொண்ணு, துபாய்ல இருந்து லீவுக்கு வந்த பெரியப்பா மகனுக்கும் சும்மா டெஸ்ட் எடுத்துப் பாத்தோம், அவனுக்கும் பாம்பே குரூப். பாய்ட்ட சொன்னேன், அந்த வாட்ஸ்ஆப் லிஸ்ட்ல அவன் நம்பரையும் சேத்துட்டாரு. நேத்து முந்தாநாள் ஒரு பிரசவ கேஸுக்கு போன் வந்துச்சு, யாரு என்னன்னு கேக்காம பைக்க எடுத்துட்டுப் போயிட்டான்.