ஓசூர்–குப்பம் களப்பயணம்: கிணறுகள் கடலில் நிற்கின்றன!

கேள்வி: எம்.ஏ. மாணவர்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்த கிணறுகளை க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் யுடிஎம் 44 (பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் குறிக்கும் முறையின் 44-ஆம் மண்டலம்) வைத்து ஏற்றினோம். குப்பம் பக்கம் சரி. ஓசூர்க் கிணறுகள் வங்கக் கடலில். மண்டல எண்ணை யாரும் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: 78 டிகிரி தீர்க்கரேகை சூளகிரியை ஒட்டிப் போகிறது. மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. கருவி தானாக மாறிவிடும். 43-இன் எண்ணை 44 என்று படித்தால் ஆறு டிகிரி, சுமார் 650 கி.மீ. கிழக்கே தள்ளும். ஈஸ்டிங்கை, அதாவது மண்டலத்துக்குள் கிழக்கு நோக்கிய மீட்டர் எண்ணை, பாருங்கள்: ஓசூரில் 8 லட்சம் மீட்டர் சொச்சம், குப்பத்தில் 2 லட்சம் சொச்சம். அதை வைத்தே பிரித்துவிடலாம்.

பதில் 2: பிரித்ததும் ஓசூர்க் கோப்பை 32643 (மண்டலம் 43-இன் குறியீட்டெண்) என ஏற்றி, 'ரீப்ரொஜெக்ட் லேயர்' மூலம் 32644-க்கு (மண்டலம் 44) மாற்றி, பிறகு இணையுங்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' என்ற கட்டளை எந்த ஆயமுறை என்ற பெயர்ப்பலகையை மட்டுமே மாற்றும், எண்கள் அப்படியே இருக்கும். மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பதில் 3: அடுத்த முறை கருவியைத் தசம டிகிரியில் (அட்சரேகை, தீர்க்கரேகை) வைத்தே அனுப்புங்கள்; அதற்கு மண்டல எண் தேவையில்லை.