மைட்டோகாண்ட்ரியா நோய் அம்மா வழியாக மட்டும்தான் வருமா?

தாய்மாமன்:
தங்கை மகனுக்கு ஒன்றரை வயது. பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் உட்காரவே தடுமாறுகிறான். லீ சிண்ட்ரோம் என்கிற மைட்டோகாண்ட்ரியா நோய் என்கிறார்கள். அறிக்கையில் 'சர்ஃப்1, ஹோமோசைகஸ்' என்று இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு) தாய்வழியாகத்தான் வரும் என்று யாரோ சொல்ல, அத்தை வீட்டில் எல்லோரும் தங்கையையே பார்க்கிறார்கள். அவள் சரியாகச் சாப்பிட்டு நான்கு நாள் ஆகிறது. (அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள்.) குறை அவளிடமிருந்துதான் வந்ததா?

ஈஸ்ட்காரி:
இல்லை அண்ணா. முதலில் தங்கையைச் சாப்பிட வையுங்கள்.

சர்ஃப்1 மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை, உட்கருவில் 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஹோமோசைகஸ் என்றால் இரண்டு பிரதியிலும் ஒரே பிழை. ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைத் தண்ணீராக்குவது சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி. அதில் 14 புரதங்கள். மூன்றுக்குத்தான் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் குறிப்பு இருக்கிறது, மற்றதெல்லாம் உட்கருவில். இவற்றைக் கோத்துக் கட்ட இன்னும் பல புரதங்கள் வேண்டும். நொதிக்குத் தேவையான செம்பைக் கொண்டுசேர்க்க ஸ்கோ1, ஸ்கோ2. நொதிக்குள் இருக்கும் இரும்புள்ள மூலக்கூறான ஹீம் ஏ தயாரிக்க காக்ஸ்10, காக்ஸ்15. சர்ஃப்1 அந்தக் கூட்டத்து ஆள். வீடு கட்டக் கொத்தனார் போடும் சாரம் போல, முடிந்த நொதியில் அது இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் நொதி போதிய அளவு உருவாகாது.

1998இல் நோயாளியின் செல்லுக்குள் நல்ல 9ஆம் குரோமோசோமைச் செலுத்தினார்கள், நொதி திரும்ப வேலை செய்தது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். நான் ஈஸ்டில் இதே மரபணுவை, அங்கே பெயர் ஷை1, நீக்கிப் பார்க்கிறேன். குளுக்கோஸில் வளரும் செல்கள் கிளிசராலில் திணறும், அதில் வளர இந்த நொதி வேண்டும். தட்டைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிள்ளைகள் நினைவுதான்.

மரபணு ஆலோசகர்:
மேலே சொன்னது சரி. தங்கை, மாப்பிள்ளை இருவருக்கும் கடத்திப் பரிசோதனை (நோய் இல்லாமலே ஒரு பிரதியில் பிழையைச் சுமக்கிறார்களா என்று பார்ப்பது) செய்து உறுதிப்படுத்துங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர வாய்ப்பு 25%. பிழை எது என்று தெரிந்துவிட்டதால் கருவிலேயே பார்க்க முடியும், ஆனால் கர்ப்பமாவதற்கு முன்பே ஆலோசனைக்குப் போவது நல்லது.

தாய்மாமன்:
இருவருக்கும் நன்றி. மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். அவரே தங்கைக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு போனார். இன்னொன்று கேட்க வேண்டும். நானும் மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன், மனைவி மூன்று மாதம். நாங்களும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

மரபணு ஆலோசகர்:
ஆமாம், இந்த வாரமே. தங்கை மகனின் அறிக்கையைக் கையோடு எடுத்துப் போங்கள்.